1974 ஏர்ஸ்ட்ரீம் ஓவர்லேண்டர் 27 அடி: வாங்கிச் சரிபண்ணலாமா? இழுக்க எந்த வண்டி?

நாடோடி_டெக்சஸ்:

வணக்கம். ஆஸ்டினுக்கு வெளியே ஒரு பண்ணையில் 1974 ஏர்ஸ்ட்ரீம் ஓவர்லேண்டர் (அலுமினிய உடல் கொண்ட, இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெய்லர்) விலைக்கு வந்திருக்கிறது. 27 அடி, இரட்டை ஆக்ஸில், பாத்ரூம் பின்கோடியில். பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி. வெளி அலுமினியத்தில் இரண்டு நசுங்கலைத் தவிரக் குறை இல்லை. ஆனால் பாத்ரூம் பக்கம் தரையை மிதித்தால் அமுங்குகிறது. நான்கு டயரும் வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன. டைட்டில் (உரிமைப் பத்திரம்) கையில் இருக்கிறது.

எங்களிடம் இருப்பது 2018 டொயோட்டா ஹைலேண்டர் வி6. 5,000 பவுண்டு வரை இழுக்கும் என்று மேனுவல் சொல்கிறது. ட்ரெய்லரின் காலி எடை அதற்குள்தான் என்கிறார் விற்பவர். நாங்கள் நாலு பேர், பிள்ளைகளுக்கு 8 வயதும் 11 வயதும். ஹைலேண்டரே போதுமா, பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ட்ரக் ஒன்று பார்க்கணுமா? வாங்கும் முன் எதைச் சோதிக்கணும், வேலையை எங்கே தொடங்கணும்?

ரிவெட்_கை:

தரை அமுங்குகிறது என்றால் முதலில் பின்பக்க ஃப்ரேமை (அடியில் உள்ள இரும்புச் சட்டம்) பாருங்கள். எழுபதுகளின் நீள ஏர்ஸ்ட்ரீம்களுக்கு உள்ள பரம்பரை வியாதி இது: உடல் ஒரு பக்கம், ஃப்ரேம் ஒரு பக்கம் என்று பின்னால் பிரிந்துவிடும். காரணம் எளிது. அலுமினிய உடலின் அடியில் ஓடும் யு வடிவச் சேனல் ப்ளைவுட் தரையின் மேல் உட்காருகிறது, ப்ளைவுட் ஃப்ரேமின் மேல் உட்காருகிறது, மூன்றையும் போல்ட் பிடிக்கிறது. நடுவில் உள்ள மரம் அழுகிவிட்டால் போல்ட் வெறும் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் பின் பம்பருக்கு மேலே உள்ள தகடு. மழைநீர் அதில் தேங்கி உள்பக்கமாக ஊறும். டெயில் லைட்டுகளும் பின் ஜன்னல் ரப்பரும் அடுத்த சந்தேகப் புள்ளிகள்.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஒருவர் பின் பம்பரில் ஏறி மெதுவாகக் குதிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் குனிந்து பம்பருக்கும் உடலுக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் நல்லது. பம்பர் மட்டும் தனியாக இறங்கி ஏறினால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். சரிசெய்ய முடியாத குறை இல்லை, ஆனால் அந்த வேலையை விலையில் கழிக்க வேண்டும்.

அடுத்தது ஆக்ஸில். இது லீஃப் ஸ்ப்ரிங் இல்லை. குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் முறுக்கப்பட்டு வேலை செய்யும் டார்ஷன் ஆக்ஸில். ரப்பர் 25, 30 வருடத்தில் இறுகிவிடும், ஓடாமல் நின்றால் இன்னும் சீக்கிரம். சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குப் பின்னால், ஆக்ஸில் குழாயையும் சக்கரத்தையும் இணைக்கும் இரும்புக் கையைப் பாருங்கள். அது சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருக்க வேண்டும். தரைக்கு இணையாகவோ மேல்நோக்கியோ இருந்தால் ரப்பர் போய்விட்டது. 50 வருட வண்டியில் மாற்றியே தீரணும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டுத் தரையை முதலில் முடிப்பார்கள். செத்த ஆக்ஸில் ஒவ்வொரு குழியின் அடியையும் நேராக உடலுக்கு அனுப்பும். ரிவெட் தலை துண்டாகும், புதிதாகக் கட்டிய பின்பக்கம் மறுபடி தளரும்.

புது ஆக்ஸில் டெக்ஸ்டர் கம்பெனியின் டார்ஃப்ளெக்ஸ் வகையில் ஆர்டருக்குச் செய்து தருவார்கள். இரு ஹப் (சக்கரம் மாட்டும் மையப்பகுதி) முகங்களுக்கு இடையிலான தூரம், பிராக்கெட் வெளிவிளிம்பு அளவு, தொடக்கக் கோணம் (வழக்கமாக 22.5 டிகிரி கீழ்நோக்கி), 12 அங்குல எலெக்ட்ரிக் பிரேக், சக்கரம் மாட்டும் 6 போல்ட் 5.5 அங்குல வட்டம், இவற்றை அளந்து கொடுங்கள். ஜாக் வைக்கும்போது ஆக்ஸில் குழாயில் வைக்கக் கூடாது, வளைந்துவிடும். ஆக்ஸில் பிடிக்கும் ஃப்ரேம் தட்டுக்குக் கீழே வையுங்கள்.

தரை வேலைக்குக் கீழ்த்தகட்டைப் பின்னாலிருந்து கழற்றுங்கள். உள்ளே எலி கூடு கட்டிய இன்சுலேஷன் கொட்டும். பெருக்காதீர்கள், ஹாண்டா வைரஸ் அபாயம் உண்டு. என்95 முகமூடி, கையுறை போட்டு, நீர் கலந்த ப்ளீச் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளுங்கள். பிறகு ஃப்ரேமை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, கூர்மையான சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ஓட்டை விழும் இடத்தை வெட்டிப் புது இரும்பு பற்றவைக்க வேண்டும். பெயிண்ட் பூசி மூடுவது ஏமாற்று.

புது ப்ளைவுட் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் சேனல் உட்காராது. வெளிப்புறப் பசை போட்ட தரமோ மரைன் தரமோ வாங்குங்கள். பூச்சி, கரையான் மருந்து ஏற்றிய பச்சை மரம் மட்டும் வேண்டாம்: அதில் உள்ள தாமிரம் ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். நான்கு ஓரங்களுக்கும் ஒவ்வொரு போல்ட் துளைக்கும் எபாக்ஸி ஊட்டுங்கள், அழுகல் ஓரத்தில்தான் தொடங்கும். உடலைத் தூக்காமல் செய்வதென்றால் பலகையை இரண்டாக வெட்டி இரு பக்கத்திலிருந்தும் சேனலுக்கு அடியில் நுழைத்து, நடுவில் அடிப்பட்டை வைத்து இணைக்கலாம். இரும்பும் அலுமினியமும் தொடும் இடமெல்லாம் நடுவே ஒரு தடுப்புப் பட்டை போடுங்கள்.

கசிவை அடைக்காமல் தரையைத் தொடவே வேண்டாம். தண்ணீர்க் குழாயைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டை ஒழுகுகிறது என்றே தெரியாது. கசிவை அடைக்கச் சிலிகான் கிட்டவே வரக் கூடாது. அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுக்கவும் படாத பாடு. பெரிய இணைப்புகளுக்குப் பாலியூரிதேன் வகை (சிக்காஃப்ளெக்ஸ் போல), மெல்லிய தகட்டு இணைப்புகளுக்குப் பார்பாண்ட். உள்பக்க ரிவெட் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குலம். 30ஆம் எண் டிரில் பிட் ஒரு டஜன் வாங்கி வையுங்கள், மழுங்கித் தள்ளும்.

சுமைக்கணக்கு:

ஹைலேண்டர் வேண்டாம். விற்பவர் சொல்லும் காலி எடையில் தண்ணீர், கேஸ், பாத்திரம், மெத்தை, ஏசி, நீங்கள் போடப்போகும் புது அலமாரி எதுவும் இல்லை. 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டு. சாமான் ஏற்றிய நிலையில் 6,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 5,000 பவுண்டு என்பது அங்கேயே தாண்டிவிட்டது.

ஆனால் உண்மையில் முதலில் தடுப்பது இழுவை எண் இல்லை, பேலோடு (வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை, ஹிட்சின் மேல் விழும் எடையும் இதில் சேரும்). ட்ரெய்லரின் முன்நுனி ஹிட்சின் (ட்ரெய்லரை வண்டியில் மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடை, அதாவது நுனி எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12.5 சதவீதம் என்றால் 775 பவுண்டு. ஹைலேண்டருக்கு அந்த இடத்தில் அனுமதி 500. தவிர அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 110 அங்குலம்தான். பக்கத்தில் பதினெட்டு சக்கர லாரி தாண்டும்போது 27 அடி ட்ரெய்லர் வண்டியை ஆட்டிப்படைக்கும்.

எஃப்-150 பார்க்கும்போது விளம்பரத்தில் போடும் 11,000, 13,000 பவுண்டு எண்ணை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று. அந்த எண்தான் அந்த ஒரு வண்டிக்கான உண்மை. உங்கள் கணக்கு: இரண்டு பெரியவர்கள் 330, பிள்ளைகள் 150, ஹிட்ச் இரும்பு 90, பின்னால் போடும் சாமான் 150, நுனி எடை 775. கூட்டினால் 1,495. ஆகவே ஸ்டிக்கரில் 1,700க்குக் குறைந்தால் விலகுங்கள். விலை கூடின லிமிடெட், பிளாட்டினம் மாடல்களில் லெதர் சீட்டும் கண்ணாடிக் கூரையும் இந்த எண்ணைத் தின்றுவிடும். எக்ஸ்எல்டி மாதிரி எளிய மாடலே நல்லது. 3.5 ஈக்கோபூஸ்ட் அல்லது 5.0 வி8, 3.55 அல்லது அதைவிடக் கூடிய பின் ஆக்ஸில் கியர் விகிதம், 145 அல்லது 157 அங்குல வீல்பேஸ், கம்பெனியே பொருத்திய பிரேக் கன்ட்ரோலர் (ட்ரெய்லர் பிரேக்கை வண்டியிலிருந்து இயக்கும் கருவி). இல்லாவிட்டால் டெகோன்ஷா பி3 போல, வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப பிரேக் போடும் வகை வாங்குங்கள்.

ஹிட்ச் ரிசீவரிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. எடைப் பகிர்வு ஹிட்ச் (நுனி எடையில் ஒரு பங்கை ஸ்ப்ரிங் பார்கள் மூலம் முன் ஆக்ஸிலுக்குத் திருப்புவது) இல்லாமல் ஒரு எண், அதோடு வேறு எண். பல எஃப்-150களில் முதலாவது 5,000/500 (ட்ரெய்லர் எடை/நுனி எடை) மட்டுமே. ஆகவே பகிர்வு ஹிட்ச் உங்களுக்குக் கட்டாயம். ஸ்ப்ரிங் பார் 800 பவுண்டு ரகம் போதும். 1,200 ரகம் வாங்கினால் விறைப்பு அதிகமாகி ஏர்ஸ்ட்ரீமின் உடலைத்தான் வாட்டும்.

எல்லாம் ஏற்றிய பின் லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேலுக்கு (வண்டிகளை எடைபோடும் மேடை) போங்கள். மூன்று முறை: பார் மாட்டி, பார் கழற்றி, வண்டி மட்டும் தனியாக. இரண்டாவதில் வண்டியின் இரு ஆக்ஸில் கூட்டுத்தொகையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் நுனி எடை. முதலாவதும் இரண்டாவதும், பார் முன் ஆக்ஸிலுக்கு எவ்வளவு எடையைத் திருப்பித் தந்தது என்று காட்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள்.

நுனி எடை குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். பாத்ரூம் பின்னால் என்பதால் கழிவுத் தொட்டியும் பின்னால், நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஆடத் தொடங்கினால் வண்டி பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, கன்ட்ரோலர் நெம்புகோலை விரலால் தள்ளி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள்.

முப்பது_ஆம்ப்:

மேலே இருவரும் விட்டதை மட்டும் சொல்கிறேன். வீட்டில் பார்க் செய்து மின்சாரம் கொடுக்க 30 ஆம்ப் டிடி-30 சாக்கெட் போடுவீர்கள். அது 120 வோல்ட். பார்க்கத் துணி உலர்த்தும் மெஷின் சாக்கெட் போல இருப்பதால் எலெக்ட்ரீஷியன் 240 கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ட்ரெய்லருக்குள் ஒரு பொருள் மிஞ்சாது. செருகும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ட்ரெய்லர் பேனலுக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேரவே கூடாது. சேர்ந்தால் வெளித்தகட்டைத் தொடுபவருக்கு ஷாக்.

யூனிவோல்ட் என்ற பழைய கன்வெர்ட்டரை (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கழற்றி எறியுங்கள், பேட்டரியைக் கொதிக்கவிடும். மூன்று நிலையில் சார்ஜ் செய்யும் 55 ஆம்ப் கன்வெர்ட்டர் போதும். சுவருக்குள் 120 வோல்ட் ஒயர் அலுமினியமா என்று பாருங்கள். அலுமினியமாக இருந்தால் உள்தகடு கழற்றியிருக்கும்போதே தாமிரமாக மாற்றிவிடுங்கள். ட்ரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்கில் காந்தம் ஒன்றுக்கு 3 ஆம்ப், நான்குக்கு 12. ஆகவே பிரேக்குக்கு 10 கேஜ் ஒயர். சன்னமாகப் போட்டால் பின் சக்கரங்களில் பிரேக் செத்துவிடும். ஒவ்வொரு காந்தத்திலும் சுமார் 3.2 ஓம் வர வேண்டும்.

கேஸ் லைனில் ரெகுலேட்டருக்குப் பிறகு அழுத்தம் 11 அங்குல நீர்த்தூண் அளவு இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பின்னால் மஞ்சள் தூளோ அம்மோனியா நெடியோ இருந்தால் அதை எடுத்துப் போடுங்கள்.

நாடோடி_டெக்சஸ்:

மூவருக்கும் நன்றி. நாளை பம்பரில் குதித்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி: பண்ணையிலிருந்து வீட்டுக்கு 90 மைல். நண்பரின் ட்ரக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு வரலாமா?

ரிவெட்_கை:

பின்பக்கம் பிரிந்திருந்தால் இழுக்காதீர்கள். தாழ்வான லாரியில் ஏற்றி வரச் சொல்லுங்கள். பிரியவில்லை என்றால் இழுக்கலாம், ஆனால் அதே டயரில் வேண்டாம். ட்ரெய்லருக்கான எஸ்.டி. 225/75 ஆர்15, லோடு ரேஞ்ச் டி, நான்கு புதிதாகப் போட்டு 65 பி.எஸ்.ஐ. காற்று அடியுங்கள், ஓரத்தில் உள்ள நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும், பழைய ஸ்டாக் வாங்காதீர்கள். நான்கு ஹப்பையும் திறந்து பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் திணித்து, சீல் மாற்றுங்கள். பின்பக்கத்துக்குக் காந்தம் ஒட்டும் விளக்கு பட்டை வாங்கினால் அலுமினியத்தில் ஒட்டாது, கட்டி வையுங்கள். ஹிட்ச் பாலின் (ட்ரெய்லர் உட்காரும் இரும்பு உருண்டை) அளவு கப்ளரில் (அதைப் பிடிக்கும் ட்ரெய்லர் முன்நுனி) பொறித்திருக்கும், இந்த வகையில் வழக்கமாக 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பாலில் உட்கார்ந்தது போலத் தெரியும், முதல் குழியிலேயே கழன்றுவிடும். சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள். பிரேக் வேலை செய்யாமல் சாலையில் ஏற்றவே வேண்டாம். சக்கர நட்டை 10, 25, 50 மைலில் நிறுத்தி டார்க் ரென்ச்சால் மறுபடி முறுக்குங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஹப்பில் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.