சமூகவியலா, சமூகப்பணியா?

கேள்வி: கல்லூரியில் இதில் எதை எடுப்பது? இரண்டும் ஒன்றுதான் என்கிறார் அப்பா.

பதில் 1: ஒன்றில்லை தம்பி. ஒரு குழந்தை படிப்பை நிறுத்தினால், ஏன் சில குடும்பங்களிலேயே இது அதிகம் நடக்கிறது என்று சமூகவியல் கேட்கும். அந்தக் குழந்தையை எப்படித் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவது என்று சமூகப்பணி பார்க்கும். நான் படித்தது சமூகப்பணி. களப்பணியின் முதல் வாரத்தில் ஒரு பாட்டி மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் நடுவில் அறிவுரை சொன்னேன். அப்படியே வாயை மூடிக்கொண்டார். காது கொடுத்துக் கேட்கப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பதில் 2: இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. ஜேன் ஆடம்ஸும் எல்லன் ஸ்டாரும் 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். ஏழைகள் வாழும் பகுதியிலேயே தங்கி அவர்களுக்கு உதவுவதற்கான இல்லம் அது. அங்கே இருந்தவர்கள் அக்கம்பக்கத்தாருக்கு உதவியபடியே, வீடு வீடாகக் கூலி விவரம் சேகரித்து வரைபடமும் போட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா. அந்தப் பாட்டி அப்புறம் பேசினாரா?

பதில் 1: பேசினார். மூன்றாவது முறை போனபோது.