ஃபுவெர்த்தெவெந்தூராவில் பிள்ளைகளுக்கு சர்ஃபிங்: தினமும் 25 நாட் காற்று காட்டுகிறது, உதவுங்கள்

குரோய்டன்காரன்:
வணக்கம். குடும்பத்தோடு கேனரித் தீவுகளில் ஃபுவெர்த்தெவெந்தூராவுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு சர்ஃபிங் (பலகையில் நின்று அலையில் சறுக்குவது) பழக்கத்தான் இந்தப் பயணமே. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டாச்சு. இப்போது விண்ட்குரு என்ற காற்று முன்னறிவிப்புத் தளத்தைத் திறந்தால் எல்லா நாளும் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) காற்று. இதில் பழக முடியுமா? இன்றிரவுக்குள் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்:
எந்த மாதம்? பிள்ளைகளுக்கு என்ன வயது?

வடமராட்சியான்:
தீவில் எந்தப் பக்கம் தங்குகிறீர்கள்? வடக்கே ஒரு கடல், தெற்கே வேறு கடல். பதில் அதைப் பொறுத்துத்தான்.

அலைப்பித்தன்:
காற்றை விடுங்கள், பலகையைக் கவனியுங்கள். முதல் வாரம் பெரிய ஸ்பாஞ்சுப் பலகை தரச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று சின்னதாக, கூர்மையாக எடுத்துக் கொடுத்தால் எந்தக் கடலிலும் பிள்ளை எழுந்து நிற்காது. நான் பழகும்போது கடினப் பலகை நெற்றியில் பட்டு மூன்று தையல் போட்டார்கள்.

மாலுமி22:
ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி வருகிறது. மாதம் இல்லை, ஊர் இல்லை, கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் இல்லை. வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் என்ன சொல்ல முடியும்? 22 ஆண்டு கப்பலில் இருந்தவன் சொல்கிறேன், முதலில் வரைபடத்தைப் பாருங்கள், பிறகு கேளுங்கள்.

தாமரைக்குளம்:
அண்ணா, எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததால்தானே இங்கே வருகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

குரோய்டன்காரன்:
மன்னிக்கவும், வேலையிலிருந்து அவசரமாக எழுதினேன். ஜூலை 25 முதல் 10 நாள், பள்ளி விடுமுறை அப்போதுதான். மகனுக்கு 11, மகளுக்கு 7. தங்குவது கோஸ்தா கால்மா. ‘அமைதியான கரை’ என்று அர்த்தமாம், அதனால்தான் எடுத்தோம். கார் எடுக்கவில்லை.

வடமராட்சியான்:
சரி, இப்போது பேசலாம். நான் குடும்பத்தோடு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் செய்த அதே பிழையைத்தான் செய்தேன்.

அந்தத் தீவில் கோடையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும்தான் அது உச்சம். கோஸ்தா கால்மா தென்கிழக்குக் கரை. பக்கத்திலேயே இருக்கும் நீண்ட கடற்கரையின் பெயர் சோத்தாவெந்தோ, காற்றுமறைவான பக்கம் என்று பொருள். ஆனால் தீவு அந்த இடத்தில் இடுப்புப் போல ஒடுங்கியிருப்பதால் காற்று அதைத் தாண்டி இன்னும் வேகமாக இறங்குகிறது. அதனால்தான் விண்ட்சர்ஃப் (பாய் கட்டிய பலகை), கைட் (பட்டம் இழுக்கும் பலகை) ஆட்கள் உலகப் போட்டியையே கோடையில் அங்கே நடத்துகிறார்கள். சர்ஃபிங்குக்கு அலை வேண்டுமே, அங்கே கோடையில் அலை இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று. அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கிச் சாய்வாக வீசும். தண்ணீர் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஊதிய மிதவையில் ஏழு வயதுப் பிள்ளையை விட்டால், நீங்கள் துவாயை விரித்து நிமிர்வதற்குள் நீந்திப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். எங்கள் மிதவை அப்படித்தான் போனது. நல்லவேளை, அதில் பிள்ளை இல்லை. தயவுசெய்து அந்தப் பக்கத்தில் ஊதும் சாமான் எதையும் கடலில் இறக்க வேண்டாம்.

நீங்கள் பழகப் போக வேண்டியது வடமேற்கில் எல் கொத்தியோ. ஊருக்குத் தெற்கே பியெத்ரா பிளாயா என்ற பெரிய மணற்கரை மேற்கைப் பார்த்து இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே அட்லாண்டிக் அலை ஆளை அடித்துப் போடும். கோடையில் பெரும்பாலும் சிறிய அலை, அடியில் மணல். அதே 25 நாட் அங்கேயும் காட்டும், ஆனால் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் அலையின் முகத்தைக் கலைக்காது. கோஸ்தா கால்மாவிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். தினமும் போய்வர முடியாது. பத்து நாளில் நாலு இரவையாவது வடக்கே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அலைப்பித்தன்:
கொர்ராலேஹோ பக்கம் ஃபிளாக் பீச்சும் நல்லது. ஆனால் அது கிழக்குக் கரை, கோடையில் காற்று நேராக முகத்தில் அடிக்கும், கைட் கூட்டமும் சேரும். எல் கொத்தியோவுக்கே என் வாக்கு.

மாலுமி22:
வடகிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று தடக்காற்று. இங்கே ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

வடமராட்சியான்:
எங்கள் ஊரில் வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை. ஊரில் வாடை மாரியில் வரும், கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம். அந்தத் தீவில் வாடை கோடையில் வருகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

மாலுமி22:
வாடை என்றால் வடக்குக் காற்று. கிழக்கு கொண்டல், மேற்கு கோடை, தெற்கு தென்றல். வடகிழக்கை வாடை என்பது தவறு.

வடமராட்சியான்:
நூலில் அப்படி இருக்கலாம். கடலுக்குப் போகிற எங்கள் ஆட்கள் வடகிழக்குப் பருவக்காற்றைத்தான் வாடை என்கிறார்கள். என் அப்பா அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வலை ஏற்றினார்.

சென்னைச்சிறகு:
எங்கள் பாடப்புத்தகத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோம். கப்பல் வியாபாரம் நடந்ததால் வந்த பெயர்தானே?

மாலுமி22:
இல்லை. ஆங்கிலத்தில் ‘டிரேட்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தடம், பாதை. ஒரே தடத்தில் மாறாமல் வீசும் காற்று. அதனால்தான் தடக்காற்று என்பது சரியான தமிழ். வியாபாரம் என்று மொழிபெயர்த்தது பிழை.

தாமரைக்குளம்:
நல்ல தகவல்தான், ஆனால் அவர் இன்றிரவு பணம் கட்ட வேண்டும். குரோய்டன் அண்ணா, நான்கு பேருக்கும் நீச்சல் தெரியுமா? அதைச் சொல்லவே இல்லையே.

குரோய்டன்காரன்:
பிள்ளைகளுக்குத் தெரியும், நீச்சல் குளத்தில் பழகியவர்கள். மனைவிக்குத் தெரியாது.

தாமரைக்குளம்:
அப்படியென்றால் அக்காவுக்கு சர்ஃபிங் வகுப்பு வேண்டாம். பியெத்ரா பிளாயாவில் கோடையிலும் வெளியே இழுக்கும் நீரோட்டம் உண்டு. பிள்ளைகளும் பயிற்சியாளர் இல்லாமல் இறங்கவே கூடாது, சிவப்புக் கொடி என்றால் யாருமே இறங்கக் கூடாது. ஆனால் எல் கொத்தியோ ஊருக்கு வடக்கே லா கோன்ச்சா என்று ஒரு குடா இருக்கிறது. வாயில் பாறை தடுப்பதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி. அக்காவும் மகளும் மாலை முழுக்க அங்கே இருக்கலாம். வகுப்பைக் காலையில் எடுங்கள், மதியத்துக்குப் பிறகு காற்று இன்னும் ஏறும்.

சென்னைச்சிறகு:
ஆப்பிரிக்கா பக்கத்தில்தானே இருக்கிறது, 100 கிலோமீட்டர்தான். தண்ணீர் சூடாக இருக்காதா? வகுப்பில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போடச் சொல்வார்களே, எதற்கு?

அலைப்பித்தன்:
வடக்கிலிருந்து குளிர் நீரோட்டம் வருகிறது. ஜூலையிலும் 21, 22 டிகிரிதான். கோவளத்து 28 டிகிரியை மனதில் வைத்துப் போகாதீர்கள். இரண்டு மணி நேரம் ஈரத்தில் இந்தக் காற்றில் நின்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு உதடு நீலமாகிவிடும். 3/2 மில்லிமீட்டர் (உடம்பில் 3, கை காலில் 2) வெட்சூட் போதும். அப்புறம், சின்னவளுக்குப் பொருந்தும் அளவு இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்னாலேயே கேளுங்கள்.

மாலுமி22:
நீரோட்டத்தைப் பற்றி இவர் சொன்னது சரி. இன்னொன்று, பயிற்சியாளர் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். எட்டுக்கு மேல் என்றால் பணம் கட்டாதீர்கள்.

குரோய்டன்காரன்:
கோஸ்தா கால்மாவில் ஆறு இரவாகக் குறைத்து, எல் கொத்தியோவில் நாலு இரவு எடுத்துவிட்டேன். கொஞ்சம் நட்டம்தான். காரும் எடுத்தாச்சு. எல்லோருக்கும் நன்றி.

வடமராட்சியான்:
நல்ல முடிவு. போய்வந்து எழுதுங்கள். அந்தக் கரை கோடையில் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

தாமரைக்குளம் (ஆகஸ்ட் 9):
வந்துவிட்டீர்களா அண்ணா? பிள்ளைகள் நின்றார்களா?

குரோய்டன்காரன் (ஆகஸ்ட் 17):
சின்னவள் மூன்றாம் நாள் நின்றாள். பெரியவன் கடைசி நாள்தான். ஒரு நாள் சிவப்புக் கொடி, வகுப்பு இல்லை. மிதவை வாங்கவில்லை.

வடமராட்சியான்:
மூன்றாம் நாளா! கரையில் கூட்டம் எப்படி? அலை இடுப்பளவா, அதற்கும் குறைவா?