ரெண்டு கிட்டார் இருந்தும் 'ஹைவே டு ஹெல்' கனமாக வரமாட்டேன் என்கிறது, ஏன்?

தங்கச்சிமடம்_கிட்டார்:
கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் போட் எல்லாம் கரையில் கிடக்கிறது, பெரியப்பா மகனும் வீட்டில்தான் இருக்கிறான். ரெண்டு பேருமாக ஏசி டிசி என்ற ராக் குழுவின் 'ஹைவே டு ஹெல்' பாட்டை எடுத்திருக்கிறோம். ஏ, டி, ஜி என்று சாதாரண கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). ஆனால் எங்கள் கையில் வெறும் இரைச்சலாக வருகிறது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை முழுக்கத் திருகியாச்சு. அண்ணனும் நானும் ஒரே மாதிரிதான் அடிக்கிறோம். கீழ்ச்சுரம் வாசிக்கிற பேஸ் கிட்டார் இல்லாததுதான் குறையா? (பாட்டின் பெயர் 'நரகத்துக்கு நெடுஞ்சாலை' என்று தெரிந்தால் ஃபாதர் என்ன சொல்வார் என்பது வேறு பிரச்சினை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.)

கீழக்கரை_டிரம்ஸ்:
பேஸ் இல்லாதது காரணமே இல்லை. அந்தப் பாட்டில் கிளிஃப் வில்லியம்ஸின் பேஸ் கோரஸில்தான் உள்ளே வருகிறது. அதுவரை கிட்டாரும் பில் ரட்டின் டிரம்ஸும் மட்டும்தான். நல்ல பெடலாக ஒன்று வாங்கிப் பாருங்கள் ப்ரோ.

மண்டபம்_மைக்செட்:
பேஸ் விஷயம் சரி. பெடல் வாங்கச் சொன்னதுதான் தப்பு. தம்பி, காசை வீணாக்காதே. இருக்கிற பெடலின் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கு.

எல்லாரும் பள்ளிச் சீருடையில் குதிக்கிற ஆங்கஸ் யங்கைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் குழுவைத் தாங்கியது அவருடைய அண்ணன் மால்கம். மேடையில் டிரம்ஸ் பக்கத்திலேயே நிற்பார், கோரஸ் பாட மட்டும் மைக்குக்கு வருவார், பாடிவிட்டுப் பின்னால் போய்விடுவார். அவருடைய கிரெட்ச் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்களில் பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிட்டார். கம்பி தடித்த கம்பி. ஆம்ப்ளிஃபயரில் சத்தம் அதிகம், கரகரப்பு குறைவு. கனம் வந்தது வலது கையிலிருந்து.

இன்னொன்று, கார்டை அடித்த கையோடு அவர் அதை அடக்கிவிடுவார். அந்த ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில்) பாதி இடம் காலி. நீங்கள் ரெண்டு பேரும் அந்தக் காலி இடத்தையும் பெடல் இரைச்சலால் அடைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். திருவிழாவில் எனக்கு இதே வழக்குதான்: நாதஸ்வரத்தை ஏத்து, தவிலை ஏத்து, எல்லாத்தையும் ஏத்து என்பார்கள். கடைசியில் எதுவுமே கேட்காது.

இந்தப் பாட்டு இதே பெயரில் 1979இல் வந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆல்பங்களை அவர்களுடைய மூத்த அண்ணன் ஜார்ஜ் யங்கும் ஹாரி வாண்டாவும் தயாரித்தார்கள். அமெரிக்காவில் விற்க வேண்டும் என்று ரெக்கார்டு கம்பெனி தயாரிப்பாளரை மாற்றச் சொன்னது. முதலில் வந்த எடி கிரேமர் ஒத்துவரவில்லை, அப்புறம் மட் லேங் வந்தார். லேங் ரிஃப்பைக் கெடுக்கவில்லை. கோரஸைத்தான் கூட்டுக்குரலாகப் பெரிதாக்கினார். அதுவரை அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதல் நூறுக்குள்ளேயே வராத குழு 17ஆம் இடத்துக்குப் போனது. பாடிய பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் 33 வயதில் இறந்துவிட்டார். அதே வருஷம் ஜூலையில் பிரையன் ஜான்சனைப் பாட வைத்து 'பேக் இன் பிளாக்' கொண்டுவந்தார்கள். அது இதைவிடப் பல மடங்கு விற்றது. எனக்கென்னவோ ஸ்காட்டின் குரலில் இருக்கிற குறும்பு அதில் இல்லை. இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது மண்டபத்தில் ராத்திரி இலங்கை எஃப்எம் இழுத்தபோது, அதனால் எனக்குப் பாரபட்சம் உண்டு.

இயர்போனில் மாற்றி மாற்றி ஒரு காதை மட்டும் வைத்துக் கேள். ரெண்டு கிட்டாரும் ஒன்றில்லை என்பது தெரியும்.

தங்கச்சிமடம்_கிட்டார்:
அண்ணே, குமிழை இறக்கினோம். இப்போது எங்கள் தப்பெல்லாம் தெளிவாகக் கேட்கிறது! பாட்டில் வரும் டிரம்ஸுக்கு முன்னால் அண்ணன் ஓடுகிறான்.

கீழக்கரை_டிரம்ஸ்:
நான் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெடல் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மண்டபம்_மைக்செட்:
கேட்கட்டும், அப்போதுதான் திருத்த முடியும். ஓடுகிறவனை லீடுக்கு (தனித்து ஒலிக்கும் பகுதிக்கு) விட்டுவிட்டு நீ மால்கம் வேலையை எடுத்துக்கொள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடை, நம்ம ஊர் உப்புக்காற்றில் ரெண்டு வாரத்தில் துரு ஏறிவிடும். என்னிடம் பழைய ஆம்ப் ஒன்று சும்மா கிடக்கிறது. ஜூன் 14க்குள் வந்து எடுத்துப் போ, அப்புறம் உன் அண்ணன் கடலுக்குப் போய்விடுவான்.