குடும்பக் குழு: மலருக்குக் காந்தம் வேண்டும்

ராஜி அக்கா (குன்னூர்): வெள்ளிக்கிழமை மலர் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கடல் அலையில் மின்சாரம் எடுக்கும் மாடல் செய்ய வேண்டுமாம். காந்தம், காப்பர் கம்பி யாரிடமாவது இருக்கிறதா? அவசரம்.

கார்த்தி (திருப்பூர்): குன்னூரில் ஏது அலை

சித்தப்பா: தாத்தா ரேடியோ ஸ்பீக்கரில் பெரிய காந்தம் இருக்குமே. கோத்தகிரி அக்கா வீட்டில்தான் இருக்கிறது.

கோத்தகிரி அத்தை: ரேடியோவை யாரும் தொட வேண்டாம். தையல் மிஷின் போன கதை போதும்.

சித்தப்பா: அதை நான் விற்கவில்லை அக்கா

கோத்தகிரி அத்தை: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே

பெரியப்பா: ஸ்பீக்கர் காந்தம் அகலம், குழாய்க்குள் ஓடாது. ராஜி, கவனமாகப் படி. அரையடி பிவிசி குழாய் எடு. நடுவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய எனாமல் கம்பியை நெருக்கமாகச் சுற்று. ஆயிரம் சுற்றாவது வேண்டும். பட்டன் காந்தம் நாலைந்தை ஒட்டவைத்து உள்ளே விடு. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் வராது. நகர்ந்தால்தான் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டது இதுதான். சுருளுக்குள் நுழையும்போது ஒரு திசை, வெளியேறும்போது எதிர்த் திசை. அதனால் இரண்டு எல்இடியை எதிரும் புதிருமாக இணை.

ராஜி அக்கா: சரி பெரியப்பா. கம்பி எங்கே கிடைக்கும்?

பெரியப்பா: மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள். இரண்டு முனையிலும் எனாமலை உப்புத்தாளால் சுரண்டு, செம்பு பளபளவென்று தெரிய வேண்டும். பிள்ளைகள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். அப்புறம் எரியவில்லை என்று அழுவார்கள்.

கார்த்தி: ஞாயிறு காதுகுத்துக்கு இரண்டு வண்டி வருகிறோம். நீலகிரிக்குள் வர இ-பாஸ் யார் எடுப்பது?

கோத்தகிரி அத்தை: உன் மாமனார் வீட்டாரும் வருகிறார்களா?

கார்த்தி: இன்னும் முடிவாகவில்லை அத்தை

சித்தப்பா: அண்ணா, நிஜக் கடலில் இது நடக்கிறதா?

பெரியப்பா: நடக்கிறது. ஸ்வீடனில் லீசெகில் அருகே உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2006இல் இறக்கினார்கள். மேலே மிதவை, கடலடியில் ஜெனரேட்டர், நடுவே கயிறு. அலை தூக்கத் தூக்கக் காந்தத் தண்டு சுருளுக்குள் ஏறி இறங்கும். வேறு வகையும் உண்டு. சென்னை ஐஐடியின் சிந்துஜா-1 மிதவையை 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கி.மீ. தள்ளி வைத்துச் சோதித்தார்கள். 100 வாட்.

கார்த்தி: 100 வாட்டில் மிக்ஸிகூட ஓடாதே

பெரியப்பா: சிரிக்காதே. 1932இல் தொடங்கிய நம் பைக்காரா நீர்மின் நிலையத்திலும் காந்தமும் சுருளும்தான். அங்கே மலையிலிருந்து விழும் தண்ணீர் டர்பைனை வேகமாகச் சுழற்றுகிறது. அலை பல விநாடிக்கு ஒரு முறைதான் தூக்கும். காந்தம் மெதுவாக நகர்ந்தால் மின்னழுத்தமும் குறைவு. அதை ஈடுகட்டப் பெரிய காந்தம், நிறைய சுருள். கூடவே உப்பு அரிப்பு, புயல். ஆனால் வெயில் போன பிறகும் அலை அடிக்கும். அதற்காகத்தான் விடாமல் முயல்கிறார்கள். மலர் இதையெல்லாம் அட்டையில் எழுதட்டும்.

சித்தப்பா: பேசாமல் பைக்காரா மாடலே செய்யலாமே

ராஜி அக்கா: டீச்சர் கொடுத்த தலைப்பு சித்தப்பா. பெரியப்பா, குழாயை வாளித் தண்ணீரில் மிதக்க விடலாமா என்று கேட்கிறாள்.

பெரியப்பா: வாளி அலையில் எல்இடி எரியாது. எரிவதைக் கையால் ஆட்டிக் காட்டட்டும். வாளியில் மிதக்கும்போது கம்பி முனைகளில் முள் மீட்டரை இணைத்தால் முள் ஆடுவது தெரியும். என் மீட்டரைத்தான் காணோம்.

சித்தப்பா: என்னிடம் இருக்கிறது அண்ணா. கொடுத்து அனுப்புகிறேன்.

கோத்தகிரி அத்தை: எப்போது?

ராஜி அக்கா: நாளை பெட்போர்டு பக்கம் யாராவது போனால் கம்பி வாங்கி வாருங்கள்

கார்த்தி: அத்தை, இ-பாஸ்?

கோத்தகிரி அத்தை: வண்டி நம்பரை அனுப்பு முதலில்

கார்த்தி: ஒன்று இப்போதே அனுப்புகிறேன். இன்னொன்று யார் வண்டி என்று இரவு சொல்கிறேன்