பீடி, சிகரெட்ட விடறதுக்கு உதவி கேட்டு மனு குடுக்கறோம், என்ன எழுதலாம்?

பள்ளிபாளையத்தான்:
வணக்கங்க. எங்க பக்கம் பூரா தறிப்பட்டறை. பஞ்சு பறக்கற எடத்துல பத்த வைக்க முடியாதுன்னு ஆளுங்க அப்பப்ப வெளிய வந்து வாசல்லயே நின்னு நாலு இழுப்பு இழுத்துட்டு உள்ள போவாங்க. பாதிப் பேருக்கு விடோணும்னு ஆச இருக்குது. எங்க மாமா ஒருத்தரு நெஞ்சு சளின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு, பீடிய விட்ருங்கன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்தாங்க, எப்படி விடறதுன்னு யாருமே சொல்லல. நாங்க நாலஞ்சு பேரு சேந்து திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுக்கலாம்னு இருக்கறோம். விழிப்புணர்வு முகாம் கேளுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, எனக்கென்னமோ அது போதும்னு தோணலீங்க. வேற என்ன கேக்கலாம்?

நர்ஸ்அக்கா:
முகாம் வேண்டாம் தம்பி. பேனர் கட்டி போட்டோ எடுத்து டீ வடையோட முடிஞ்சிரும். சுகர் பிரஷர் மாத்திர வாங்க வர்றவங்ககிட்ட பீடி குடிப்பீங்களான்னு நாங்க கேக்கத்தான் செய்றோம், ஆமான்னா ஒரு டிக், அதோட சரி. அந்த டிக்குக்கு அப்புறம் என்னங்கறதுதான் உங்க மனுவுல வரணும். விட்ட முதல் வாரம்தான் கொடும, எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க, தூக்கம் வராது, மலச்சிக்கல் வேற, இதெல்லாம் பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல தணிஞ்சிரும் ஆனா அத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, அதனால உடம்பு கெட்டுப்போச்சுன்னு பயந்து திரும்ப பத்த வச்சிர்றாங்க. அந்த வாரத்துல ரெண்டு போன், மாசம் முடியறப்ப ஒரு போன், இத எழுத்துல கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல 2021ல இருந்து வீட்டுக்கே ஆள் வருதுல்ல, அவங்க நோட்டுலயே இந்தப் பேரையும் சேக்கச் சொல்லுங்க.

மருந்துக்கடை:
அக்கா சொன்னதோட நிகோடின் கம்மும் கேளுங்க சார், பீடி ஆசைய அடக்க மெல்லற மருந்து அது. 2022ல மத்திய அரசோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே நிகோடின் மாற்று மருந்து வந்தாச்சு, அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா குடுங்கன்னு கேக்கறதுல தப்பே இல்ல. 2 மி.கி. கடையில சீட்டு இல்லாம கெடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேணும், எந்திரிச்ச அரமணி நேரத்துக்குள்ள பத்த வைக்கறவருக்கு பொதுவா 4தான். சும்மா குடுத்தா மட்டும் பத்தாது, மெல்லத் தெரியணும். நம்மாளுங்க பபிள்கம் மாதிரி சவச்சு எச்சிய முழுங்கிட்டு விக்கல் வருது நெஞ்செரியுதுன்னு தூக்கி வீசிர்றாங்க. லேசா மென்னு காரம் சுருக்குன்னு ஏறுனதும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், காரம் அடங்குனா மறுபடி மெல்லணும், இப்படியே ஒரு அரமணி நேரம். வாயில இருக்கறப்பவும் அதுக்கு முன்னாடி கால் மணி நேரமும் டீ காபி கூடாது, குடிச்சா நிகோடின் சரியா ஏறாது. தறிக்காரங்களுக்கு டீயும் பீடியும் ஜோடியாச்சே, இத சொல்லிக்குடுக்கவே ஒரு ஆள் வேணும்.

லூசுசிகரெட்:
பீடி, சிகரெட்ட விடறவங்களுக்குன்னே ஹெல்ப்லைன் நம்பர் இருக்கேப்பா, 1800-11-2356, இலவசம். 2018 செப்டம்பர்ல இருந்து பாக்கெட்லயே அச்சடிக்கறாங்க. தமிழ்லயும் பேசலாம், பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில எடுக்கறாங்க. ஆனா ஒன்னு ரெண்டுன்னு சில்லறையா வாங்கறவன் பாக்கெட்ட எங்க பாக்கறான்? படமும் நம்பரும் கடைக்காரர் கைல, சிகரெட் மட்டும் நம்ம கைல. அந்த நம்பர பட்டறை வாசல்லயும் டீக்கடையிலயும் பெருசா எழுதச் சொல்லி கேளுங்க.

பள்ளிபாளையத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க, முகாம்ங்கற வரிய அடிச்சாச்சு. இன்னொன்னு, பகல் ஷிப்டுல இருக்கறவன் காலைல ஓபிக்கு வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. அதனால சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வாரத்துல ஒரு நாளாச்சும் ஆலோசனைக்கு ஆள் வேணும்னும் சேத்துக்கறோம். வாசல்ல நம்பர் எழுத ஓனருங்க ஒத்துக்குவாங்களான்னுதான் யோசனையா இருக்குது.

லூசுசிகரெட்:
பீடிக்கு வெளிய போற நேரத்துல நூல் அத்து தறி நின்னா நட்டம் யாருக்கு? அத சொல்லிப் பாருங்க, பெயிண்ட் காசையும் அவங்களே குடுத்தாலும் குடுப்பாங்க.