எம்எல்ஏவிடம் படகைக் கேட்டது தப்பா?

படகுத்துறை: நேற்று எம்எல்ஏ எங்கள் தெருவுக்கு வந்தார். அம்மாவுக்கு உரிமைத்தொகை 1000 ரூபாய் வரவில்லை என்றதும் ஆதார் நகலை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். அப்புறம், இலங்கை பிடித்து வைத்திருக்கும் அண்ணனின் படகு? "அது டெல்லி விஷயம் தம்பி" என்று டீயை உறிஞ்சினார். நியாயமா?

கரைவலை: பாதி நியாயம். வெளியுறவு ஒன்றிய அரசின் கையில். கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தமும் டெல்லி போட்டதே. எம்பியைப் பிடியுங்கள், நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.

நண்டுக்கால்: டெல்லி விஷயம் என்றால் 2025 ஏப்ரலில் கச்சத்தீவை மீட்கச் சொல்லி சட்டமன்றத்தில் எதற்குத் தீர்மானம்? மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் மாநிலம் தருவது. அதையாவது விடாமல் கேளுங்கள்.

படகுத்துறை: சரி அண்ணே. எம்பி ஆபீஸ் எங்கே என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.