வேலை, கல்வெட்டு, பேட்மிண்டன்: எதை விடுவது?

சிறுசேரி_பஸ்:
பேக்எண்ட் வேலை. திங்கள், செவ்வாய், வியாழன் இரவு 9.30க்கு அமெரிக்க டீமோடு கால். வாரம் நான்கு நாள் காலை 6 மணிக்கு ஷட்டில். இதற்கு நடுவில் சோழர் கல்வெட்டுகளில் வரும் நில அளவுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுத ஆசை. கல்வெட்டுப் பாடங்களைத் தட்டச்சு செய்து தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்கூடச் சிக்குவதில்லை. போதாததற்கு வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. ஏதாவது ஒன்றைக் கைவிடத்தான் வேண்டுமா?

மைப்படி:
விட வேண்டாம், தலைப்பைச் சுருக்குங்கள். 'சோழர் நில அளவுகள்' என்று ஆரம்பித்தால் ஆயுசு போதாது. ஒரு கோயில், ஒரு அரசர், அவ்வளவுதான். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். பணியில் இருந்தபோது 1960களில் தொடங்கிய தமிழ் பிராமி ஆய்வு பெருநூலாக வந்தது 2003இல். அவசரப்படுகிற துறை இல்லை இது.

தேடல் சிக்காததற்கு இரண்டு காரணம். 'கொ'வில் இருக்கும் ொ சில கோப்புகளில் ஒரே குறி, சிலவற்றில் ெ, ா என இரண்டு குறி. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. உள்ளே எடுக்கும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் முறை) மாற்றிவிடுங்கள். அடுத்தது, கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே வெட்டியிருப்பார்கள். பதிப்பில் சில இடங்களில் திருத்தியிருப்பார்கள், சில இடங்களில் அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் தேடலுக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் புள்ளியை நீக்கி, ஏகார ஓகார நெடிலைக் குறிலாக்குங்கள். மூலப் பாடத்தில் கை வைக்கவே கூடாது.

அளவுகளை ஃப்ளோட்டில், அதாவது தசம எண்ணாக, சேமித்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வேலி என்பது நில அளவு; அதில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. கணினியின் இரும எண்முறையில் இவை எதுவும் துல்லியமாக உட்காராது. 'கீழ்' என்று வந்தால் அதற்குப் பின் வருவதை மறுபடி 320ஆல் வகுக்க வேண்டும். ஆகவே ஒரு வேலியை 1,02,400 அலகாக வைத்துக்கொள்ளுங்கள்: மா 5,120, காணி 1,280, முந்திரி 320, கீழ் முந்திரி 1. கீழுக்கும் கீழே போகும் கல்வெட்டும் உண்டு, அங்கே பைத்தானின் ஃப்ராக்‌ஷன் வகைதான் கை கொடுக்கும். நிலப் பட்டியலின் கடைசியில் 'ஆக' என்று கூட்டுத்தொகை வந்தால் அதுவே உங்களுக்குச் செக்சம், அதாவது சரிபார்ப்புத் தொகை. உங்கள் கூட்டல் அதோடு பொருந்தாவிட்டால் முதலில் உங்கள் தட்டச்சைச் சந்தேகப்படுங்கள், பிறகு பதிப்பை, கல்தச்சனைக் கடைசியாக.

ஆண்டுக் கணக்கிலும் நம் ஆட்கள் வழக்கமாக ஒன்றைக் கோட்டை விடுவார்கள். முதலாம் ராஜராஜன் அரியணை ஏறியது 985. அரியணை ஏறிய ஆண்டே யாண்டு 1, அதனால் யாண்டு 10 (ஆட்சியின் பத்தாம் ஆண்டு) என்றால் 994–95, 995–96 அல்ல.

நெட்கார்ட்:
முழங்கை வலிக்குக் கோர்ட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். மணிக்கட்டைத் தூக்கியபடி எட்டு மணி நேரம் மவுஸ் பிடிப்பதும் பேக்ஹேண்டும் ஒரே தசைகளைத்தான் வாட்டுகின்றன. மவுஸை இடக்கைக்கு மாற்றுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். ராக்கெட் நரம்பின் இறுக்கம் 27, 28 பவுண்டில் இருந்தால் 22, 23க்கு இறக்குங்கள். கிரிப்பை இறுக்கிப் பிடிக்காமல், அடிக்கும் நொடியில் மட்டும் இறுக்குங்கள். அரை கிலோ டம்பெல்லோடு உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குங்கள், மற்றக் கையால் மேலே தூக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, தினமும். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, விரல் மரத்தாலோ பிசியோவிடம் போங்கள்.

இன்னொன்று, இறகு ஷட்டில் வாங்கும்போது நம்ம ஊர் வெயிலுக்கு 75 அல்லது 76 வேக எண் கேளுங்கள், எண் கூடினால் வேகம் கூடும். சூடான காற்றில் 78 எல்லாம் கோட்டைத் தாண்டிப் பறக்கும். ஓட்டப் பயிற்சி ஷூவோடு இறங்காதீர்கள், உயரமான மெத்தைக் குதிகாலில் கணுக்கால் சட்டென்று மடங்கும்.

சிறுசேரி_பஸ்:
இருவருக்கும் நன்றி. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

மைப்படி:
இரவு கால் முடிந்தால் மறுநாள் காலை ஷட்டில் கிடையாது. திங்கள், வியாழன், சனி, ஞாயிறு போதும். கால் உள்ள நாட்களில் ஆய்வென்றால் படங்களுக்குப் பெயரிடுவது, பக்க எண் குறிப்பது போன்ற தலை வலிக்காத வேலை மட்டும். எண்களை ஒப்புநோக்குவது சனி மதியம். களைத்த கண்ணுக்கு மாவும் காணியும் ஒன்றுதான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, ஓஎம்ஆர் பஸ்ஸிலேயே போகலாம். போகும் முன் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப்புள்ளி:
இதையெல்லாம் ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி வேலையின் பகுதியாக எழுதிய கோடுக்கு முதல் உரிமை முதலாளிக்கு. பணி ஒப்பந்தத்தில் அதையும் தாண்டி 'வேலைக்காலத்தில் உருவாக்கும் எல்லாம்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கோடை வெளியிடும் முன் எச்ஆரிடம் மெயிலில் விலக்கு கேட்டு, பதிலைச் சொந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.